சிலிண்டரைக் கடைந்தவர் யார் என்று ரசீதில் எழுதட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாகத்தைக் கழற்றி மாட்டுவதோடு தீராத பழுதுகள் மோட்டார்சைக்கிள் எஞ்சினில் சில உண்டு. பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டர் தேய்ந்தால் அதன் துளையைக் கடைந்து பெரிதாக்குவது (போரிங்), பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க் ஷாஃப்ட்டைப் பிரித்து, பிஸ்டனோடு இணைக்கும் ராடு மாற்றி மறுபடி நேராக்குவது, வால்வு அமரும் இடத்தை வெட்டிச் சரிசெய்வது, மரை போன அலுமினியத்தில் புது மரை இடுவது எல்லாம் அந்த வகை. லேத்தும் போரிங் எந்திரமும் உள்ள பட்டறையில்தான் இவற்றைச் செய்ய முடியும். நாம் வண்டியை விடும் பழுதுபார்ப்புக் கடைகளில் பெரும்பாலானவற்றில் அந்த எந்திரங்கள் இல்லை. வெளியே ஒருவரிடம் அனுப்பிச் செய்து வாங்குகிறார்கள். அனுப்புவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. யாரிடம் அனுப்பினார்கள், அவர் எந்த அளவுக்குக் கடைந்தார் என்பதை வண்டியின் சொந்தக்காரரிடம் சொல்லாமல் விடுவதைத்தான் ஆட்சேபிக்கிறேன். ரசீதில் "போரிங்" என்று ஒரே ஒரு சொல். எதிரே ஒரு தொகை. இதை மாற்ற வேண்டும் என்று கேட்டே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

நான் சிங்கப்பூரில் ஈசூனில் குடியிருக்கிறேன். துவாஸில் ஓர் ஆலையின் பராமரிப்புப் பிரிவில் வேலை. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். ரயிலும் பேருந்தும் மாறிப் போனால் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாகும். சிலேத்தார் விரைவுச்சாலையில் ஏறி, புக்கிட் தீமா, கிராஞ்சி விரைவுச்சாலைகள் வழியாகத் தீவு விரைவுச்சாலையைப் பிடித்தால் என் ஹோண்டா ஃபேன்டம் 200 முக்கால் மணி நேரத்துக்குள் கொண்டு சேர்த்துவிடும். 2005இல் பதிவான வண்டி. பத்தாண்டு முடிந்ததும் 2015இல், வண்டி வைத்திருக்க இங்கே கட்டாயமான வாகன உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்தேன். 2025இல் மீண்டும் பத்தாண்டுக்குப் புதுப்பித்தேன். இரண்டாம் முறை கட்டியது எட்டாயிரம் வெள்ளிக்கும் மேல். 2022இல் மோட்டார்சைக்கிள் சான்றிதழ் 12,000 வெள்ளியையும் தாண்டியதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இவ்வளவு கொடுத்துச் சாலையில் வைத்திருக்கும் வண்டியை, எஞ்சின் புகைக்கிறது என்பதற்காகக் கழித்துப்போட முடியுமா? சிங்கப்பூரில் பழைய வண்டி ஓட்டும் பலரின் நிலை இதுதான். அவர்களில் ஷிஃப்ட் வேலைக்காரர்களும் பொருள் விநியோகிப்பவர்களும் நிறையப் பேர்.

புதுப்பித்த சில மாதங்களிலேயே நீலப் புகை வரத் தொடங்கியது. எண்ணெய் வேகமாகக் குறைந்தது. விசாரித்த கடைகளில் சிலர் கையை விரித்துவிட்டார்கள். "பழைய எஞ்சின் ஒன்றை வாங்கி மாட்டிவிடலாம்" என்றார் ஒருவர். எஞ்சின் எண் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் பதிவில் உள்ள ஒன்று; மாற்றினால் அதற்குரிய நடைமுறைகள் உண்டு. அதைவிட முக்கியமாக, வேறொருவர் ஓட்டித் தேய்த்த எஞ்சினின் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? என் சிலிண்டர் உட்சுவராக இரும்பு உறை உள்ளது, அதுவரை ஒருமுறைகூடக் கடையப்படாதது. கடைந்து, அடுத்த அளவு பிஸ்டன் போட்டால் இன்னும் பல ஆண்டுகள் ஓடும். கடைசியில் ஒரு கடைக்காரர் ஒப்புக்கொண்டு வண்டியை எடுத்துக்கொண்டார். பெயர் சொல்ல விரும்பவில்லை. 0.25 ஓவர்சைஸ், அதாவது பழைய அளவைவிட 0.25 மில்லிமீட்டர் பெரிய பிஸ்டனோடு வண்டி திரும்பி வந்தது. ரசீதில் "போரிங்" என்று இருந்தது. சில வாரங்களில் அதே நீலப் புகையும் வந்துவிட்டது. யார் கடைந்தது என்று கேட்டேன். "வெளியே கொடுத்தோம், அவர் நன்றாகச் செய்பவர்தான்" என்பதற்கு மேல் பதில் கிடைக்கவில்லை.

சிலிண்டரைக் கழற்றி ஆலைக்கு எடுத்துச் சென்றேன். என்னோடு வேலை செய்யும் தம்பி ஒருவர், புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், ஊரில் ஐடிஐயில் டர்னர், அதாவது லேத் வேலை, படித்தவர். சாப்பாட்டு நேரத்தில், துளையின் விட்டத்தை அளக்கும் போர் கேஜை உள்ளே விட்டு மூன்று உயரங்களில், ஒவ்வோர் உயரத்திலும் இரண்டு திசைகளில் அளந்தார். "அண்ணே, மேலே ஓர் அளவு, கீழே ஓர் அளவு" என்றார். கீழ்ப்புறத்தைவிட மேல்புறம் நூற்றில் ஆறு பங்கு மில்லிமீட்டர் கூடுதல் அகலம். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளியே நூற்றில் மூன்று, நான்கு பங்குதான். ஒரு தலைமுடியின் பருமனில் ஏறத்தாழப் பாதி. அப்படியிருக்க, புதிதாகக் கடைந்த சிலிண்டரிலேயே இந்தக் கோணல் என்றால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் எப்படிச் சுவரைப் பிடித்து உட்காரும்? எண்ணெய் மேலே ஏறத்தான் செய்யும்.

அந்தத் தம்பியே சரிசெய்துகொடுக்கக் கூடியவர். ஆனால் ஆலையின் எந்திரத்தில் சொந்த வேலை செய்வது முறையல்ல. ஒர்க் பெர்மிட்டில் இருப்பவர் தம் முதலாளியைத் தவிர வேறு யாருக்கும் வேலை செய்யவும் கூடாது. அதை மதித்தே ஆக வேண்டும். எனவே நானே தேடினேன்.

தேடுபவர்களுக்கு உதவும் என்பதால் எப்படிக் கண்டுபிடித்தேன் என்று சொல்கிறேன். பழுதுபார்ப்புக் கடைகளில் கேட்டுப் பயனில்லை. தாங்கள் அனுப்பும் இடத்தை அவர்கள் சொல்ல மாட்டார்கள். ஓவர்சைஸ் பிஸ்டனும் ரிங்கும் விற்கும் பழைய உதிரிப் பாகக் கடையில் கேட்க வேண்டும். 0.50, 0.75 என்று கேட்டு வாங்குகிறவர் அதை எங்கேயோ கொண்டுபோய்க் கடையத்தானே வேண்டும்? கல்லாவில் இருக்கும் பெரியவர்களுக்கு அது தெரியும். ஜாலான் புசார் பக்கம் அப்படி ஒரு கடையில், பல ஆண்டுகளாகக் கணக்குப் பார்த்துவரும் ஓர் அம்மா, கைப்பேசியைத் தேடாமல் நினைவிலிருந்தே ஓர் எண்ணைச் சொன்னார். "ஜோகூருக்குப் போனால் சுலபமாகக் கிடைக்கும், இங்கே இவர்தான்" என்றும் சொன்னார். உண்மைதான். சிலிண்டரைப் பையில் போட்டுக்கொண்டு பாலத்தைத் தாண்டி மலேசியாவுக்குப் போகிறவர்கள் ஏராளம். அங்கே இந்த வேலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் அளவு தவறிப்போனால் மறுபடி பையைத் தூக்கிக்கொண்டு சோதனைச்சாவடி வரிசையில் நிற்க வேண்டும்; ஷிஃப்ட் வேலைக்காரருக்கு அது இயலாத காரியம்.

அந்த எண்ணுக்கு உரியவரின் பட்டறை காக்கி புக்கிட்டில், ஒரு பழைய தொழிற்பேட்டைக் கட்டடத்தின் மாடியில். வாசலில் பெயர்ப் பலகை இல்லை. சீனர், வயது எழுபதைத் தாண்டியிருக்கும். எங்களுக்குள் பேச்சு முழுக்க மலாயில்தான். நான் சிலிண்டரை நீட்டியதும் அவர் அதை வாங்கவே இல்லை; "பிஸ்டன் எங்கே?" என்றார். பிஸ்டனைக் கையில் வாங்காமல் எந்திரத்தில் எதையும் ஏற்ற மாட்டாராம். பெட்டியின் மேல் 0.50 என்று அச்சிட்டிருக்கும். உள்ளே இருக்கும் பிஸ்டன் நூற்றில் ஒன்றிரண்டு பங்கு கூடவோ குறையவோ இருக்கும். அதனால் பிஸ்டனை ராடோடு இணைக்கும் பின்னுக்குக் குறுக்குத் திசையில், பாவாடை எனப்படும் பிஸ்டனின் கீழ்ச்சுவரின் அடிப்பகுதியில் மைக்ரோமீட்டர் வைத்து அளந்து, அந்த அளவோடு இடைவெளியைக் கூட்டித்தான் கடைய வேண்டிய விட்டத்தை முடிவு செய்கிறார். வெயிலில் வந்த சிலிண்டரை உடனே அளக்கவும் இல்லை. பிஸ்டனையும் சிலிண்டரையும் ஒரே இரும்புப் பலகை மேல் வைத்து, இரண்டும் அறையின் சூட்டுக்கு வரட்டும் என்று விட்டுவிட்டார். அலுமினியமும் இரும்பும் ஒரே சூட்டில் ஒரே அளவு விரிவதில்லை.

முன்பு செய்த வேலையைப் பார்த்ததுமே என்ன நடந்தது என்று சொன்னார். கடைந்த சுவரைக் கல்லால் தேய்த்து முடிக்கும் ஹோனிங் வேலையின்போது, மூன்று கால் உள்ள ஸ்பிரிங் ஹோனைக் கை டிரில்லில் மாட்டி, மேல்புறத்திலேயே அதிக நேரம் ஓட்டியிருக்கிறார்கள். சுவரில் குறுக்கும் நெடுக்குமாக விழும் கோடுகள் ஏறத்தாழ 45 பாகையில் வெட்டிக்கொள்ள வேண்டும்; என் சிலிண்டரில் அவை படுத்துக் கிடந்தன. அந்தக் கோடுகளில் தங்கும் எண்ணெய்தான் ரிங்கைக் காக்கிறது. பிறகு அடிமுகத்தைத் துடைத்து, கல்லில் தேய்த்துப் பார்த்து, எந்திரத்தில் செங்குத்தாகப் பொருத்தினார். அடிமுகம் சாய்ந்திருந்தால் துளையும் சாயும், பிஸ்டன் ஒருபக்கமாகத் தேயும் என்றார். கடையும்போது கடைசி அளவுக்குச் சற்று முன்னரே நிறுத்திக்கொண்டார். மிச்சத்தை ஹோனிங் கல்லால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார். எடுத்ததும் அளப்பது, அளந்ததும் எடுப்பது. முடிந்ததும் பெட்ரோலில் கழுவாமல் வெந்நீரும் சோப்பும் போட்டுத் தூரிகையால் தேய்த்தார். வெள்ளைத் துணியால் உள்ளே துடைத்து, துணி வெள்ளையாகவே வெளியே வரும்வரை விடவில்லை. கல்லின் பொடி கோடுகளுக்குள் தங்கிவிட்டால் புது ரிங்கை அதுவே தின்றுவிடும். கூலி நூறு வெள்ளிக்குள்தான் கேட்டார். அந்த வேலைக்கு அது குறைவு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இவ்வளவுக்கும் பிறகு அவர் செய்த ஒரு காரியமே என்னை எழுத வைத்தது. தினமும் கிழிக்கும் சீன நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் பென்சிலால் எண்களை எழுதிக் கொடுத்தார். மேல், நடு, கீழ் என்று மூன்று உயரங்களில், இரண்டு திசைகளில் ஆறு அளவுகள், பிஸ்டனின் அளவு, இடைவெளி, தேதி, அடியில் அவருடைய கையெழுத்து. நான் கேட்கவில்லை. எல்லாருக்கும் இப்படித்தான் கொடுப்பாராம்.

முதலில் நான் வண்டியை விட்ட கடை இந்த ஒரு தாளைக் கொடுத்திருந்தால், வண்டியை எடுக்கும் முன்பே கோணல் தெரிந்திருக்கும். ஓவர்சைஸ் என்பது முடிவில்லாதது அல்ல என்பதையும் எண்ணிப் பாருங்கள். 0.25, 0.50, 0.75, 1.00 என்று நான்கு படிகள்தான் பொதுவாக உண்டு. அதற்கு மேல் உறையையே மாற்ற வேண்டும். பல ஆண்டுகள் ஓட வேண்டிய முதல் படி எனக்குச் சில வாரங்களில் வீணானது. இது பணத்தால் திரும்பப் பெறக்கூடிய இழப்பு அல்ல. இரும்பைச் செதுக்கி எடுத்துவிட்டால் எடுத்ததுதான்.

அளவுக் கருவிகள் இல்லாத வாசகர் என்ன செய்யலாம்? பல கடைகளில் சில வெள்ளிக்குக் கிடைக்கும் ஃபீலர் கேஜ் (இடைவெளியில் செருகி அளக்கும் மெல்லிய தகடுகள்) ஒன்று போதும். புது ரிங்கைத் தனியாகச் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டனின் தலையால் நேராகத் தள்ளி, ரிங்கின் இரு முனைகளுக்கும் இடையே உள்ள இடைவெளியை மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை அளந்து பாருங்கள். விட்டத்தில் 0.05 மில்லிமீட்டர் வேறுபாடு இருந்தால், வட்டத்தின் சுற்றளவுக் கணக்குப்படி, இந்த இடைவெளியில் ஏறத்தாழ 0.16 மில்லிமீட்டர் வேறுபாடு தெரியும். மூன்று மடங்குக்கும் மேல் பெரிதாகிக் காட்டுவதால் வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம். ஒன்று மட்டும் கவனம்: எல்லாச் சிலிண்டரையும் இப்படிக் கடைய முடியாது. யமஹா ஸ்பார்க் 135 போன்ற வண்டிகளில் இரும்பு உறையே கிடையாது. சிலிக்கான் கலந்த அலுமினியச் சுவரிலேயே பிஸ்டன் ஓடுகிறது. உள்ளே நிக்கல் பூச்சுப் பூசிய சிலிண்டர்களும் உண்டு. அவற்றைக் கடையலாம் என்று யாராவது சுலபமாகச் சொன்னால், அடுத்த கேள்வியைக் கேட்காமல் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

இந்தக் கைத்திறன் சிங்கப்பூருக்குப் புதியதல்ல. 1972இல் பொருளியல் வளர்ச்சிக் கழகம் தொடங்கிய முதல் கூட்டுப் பயிற்சி நிலையமே இந்தியாவின் டாடா நிறுவனத்தோடு சேர்ந்து அமைத்ததுதான். ரோலை, ஃபிலிப்ஸ் நிறுவனங்களோடு சேர்ந்து அமைத்த நிலையங்கள் அதன் பின்னரே வந்தன. நுண்ணளவில் இரும்பைக் கடையும் கையாட்களை உருவாக்குவதை நாட்டின் எதிர்காலமாகவே அன்று கருதினார்கள். அந்தத் திறமை வீண்போகவில்லை. நான் குடியிருக்கும் ஈசூனுக்குப் பக்கத்திலேயே சிலேத்தாரில் 2012 முதல் ரோல்ஸ் ராய்ஸ் விமான எஞ்சின்கள் பூட்டப்படுகின்றன. அதை நினைக்கும்போதெல்லாம் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் விமான எஞ்சினுக்கு இருக்கும் கவனத்தில் ஒரு சிறு பங்கையாவது ஷிஃப்ட் வேலைக்காரரின் 200 சிசி எஞ்சினுக்கும் ஒதுக்கினால் என்ன? காக்கி புக்கிட் பெரியவருக்குக் கீழே வேலை பழகுபவர் யாரும் இல்லை. பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். அது அவர்களுடைய உரிமை. தொழில்நுட்பக் கல்விக் கழக மாணவர்கள் வேலையிடப் பயிற்சிக்குப் பெரிய நிறுவனங்களுக்குப் போவதைப் போல, விரும்புகிறவர்கள் இத்தகைய சிறு பட்டறைகளுக்கும் சில வாரங்கள் வந்து பழகக் கழகம் வழி செய்ய வேண்டும். கணினி இயக்கும் எந்திரம் ஒரே பாகத்தை ஆயிரம் முறை பிசகாமல் செய்யும். இருபது ஆண்டு தேய்ந்த ஒற்றைச் சிலிண்டரைப் பார்த்து எங்கே பிடிக்க வேண்டும், எவ்வளவு எடுக்க வேண்டும் என்று முடிவெடுப்பது வேறு பயிற்சி.

பழைய தொழிற்பேட்டைகள் இடிக்கப்பட்டுப் புதிய உயர் கட்டடங்கள் எழும் காலம் இது. டெஃபு லேனிலிருந்து சுங்கை காடுட் வரை இந்த மாற்றத்தைப் பார்க்கிறோம். நிலத்துக்கு அருமை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒரு லேத், ஒரு போரிங் எந்திரம், ஒரு மேசை கொள்ளும் சிற்றறைகளும் சிறு பட்டறைக்காரர்கள் கட்டக்கூடிய வாடகையில் அங்கே இருக்க வேண்டும். பொருளைத் தூக்கியெறியாமல் பழுதுபார்த்துப் பயன்படுத்துங்கள் என்று அரசே சொல்கிறது. 2019ஐக் குப்பையில்லா நிலையை நோக்கிய ஆண்டாக அறிவித்தபோது, செமக்காவ் குப்பைத் தீவு 2035வாக்கில் நிரம்பிவிடும் என்றும் நினைவூட்டினார்கள். பழுதுபார்க்கச் சொல்வதோடு பழுதுபார்ப்பவருக்கு இடமும் ஒதுக்க வேண்டும்.

இனி என் கோரிக்கை. சிலிண்டர், கிராங்க், வால்வு வேலையை வெளியே கொடுத்து வாங்கும் ஒவ்வொரு கடையும் ரசீதோடு ஓர் அளவுச் சீட்டைக் கொடுக்க வேண்டும். வேலை செய்த பட்டறையின் பெயர், முன்பிருந்த அளவு, பின்பு உள்ள அளவு, பிஸ்டனின் அளவு, இடைவெளி. கிராங்க் என்றால் சுழலும்போது எவ்வளவு ஆடுகிறது என்ற கணக்கு. அரைப் பக்கம் போதும். பட்டறையின் பெயரைச் சொன்னால் வாடிக்கையாளர் நேராக அங்கே போய்விடுவார் என்று கடைக்காரர்கள் அஞ்சலாம். எஞ்சினைக் கழற்றவும் பூட்டவும் தெரியாத பெரும்பாலோர் எப்படியும் கடைக்குத்தான் வருவார்கள். நல்ல பட்டறையோடு தொடர்பு வைத்திருக்கும் கடை என்ற பெயர் அவர்களுக்கே லாபம். அப்படியும் மனமில்லையென்றால் பெயரை விட்டுவிட்டு அளவுகளையாவது எழுதிக் கொடுக்கட்டும்.

பிணக்கு வந்தாலும் இந்தச் சீட்டு இரு தரப்பையும் காக்கும். சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம் 2019 நவம்பர் முதல் 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை ஏற்கிறது, வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் "புகை வருகிறது" என்று சொல்லி அங்கே எதை நிரூபிக்க முடியும்? வண்டியைத் திருப்பிக் கொடுத்த அன்று சிலிண்டர் எந்த அளவில் இருந்தது என்ற ஆறு எண்கள் இருந்தால் தவறு கடைந்தவருடையதா, பூட்டியவருடையதா, ஓட்டியவருடையதா என்று பேசவாவது முடியும். நேர்மையாக வேலை செய்த கடைக்காரருக்கும் அதுதான் சாட்சி.

சிங்கப்பூர் மோட்டார்சைக்கிள் வர்த்தகச் சங்கமும் பயனீட்டாளர் சங்கமும் கலந்து பேசி இந்தச் சீட்டின் மாதிரியை நான்கு மொழிகளிலும் அச்சிட்டுக் கடைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை, எஞ்சின் வேலைக்கு வண்டியை விடும் வாசகர்கள் பணம் கட்டும் முன் அளவுகளைக் கேட்டு வாங்குங்கள். கழற்றிய பழைய பிஸ்டனையும் கேட்டு வாங்குங்கள். பெரியவர் எழுதிக் கொடுத்த தாளின் படியை இத்துடன் இணைத்துள்ளேன். அவர் பெயரையும் தொலைபேசி எண்ணையும் மறைத்திருக்கிறேன். இப்போது வருகிற வேலையையே ஒற்றை ஆளாகச் செய்து முடிக்கத் திணறுவதாக அவர் என்னிடம் சொன்னார்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகர்,
ஈசூன்